சைடு முடியும்வரை பேசக்கூடாது

ரெகார்டில் முள் இறங்கிவிட்டது, இனி சைடு முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, எழுந்து போகக் கூடாது, செல்போனைத் தொடக் கூடாது, ஃபேன்கூட ஓடக் கூடாது, அதுதான் ரசிகர் சங்கத்தின் சட்டம், சட்டம் போட்ட மகானுபாவர் வேறு யாருமில்லை, கனகசபையேதான், இப்போது தான் போட்ட சட்டத்துக்குள் தானே மாட்டிக்கொண்டு மதிவாணன் வீட்டுப் பிரம்பு நாற்காலியில் கழுத்து வியர்க்க உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலெல்லாம் சாத்தியாயிற்று. மதிவாணன் அயனாவரத்தில் பல் டாக்டர், வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லார் வாயையும் மூடிவிடுவார் என்று சங்கத்தில் கேலி செய்வார்கள். கனகசபைக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு யாழினி, சங்கத்திலேயே சின்னவள், வாட்ஸப் குழுவை நடத்துகிறவள், 'கூட்ஸ் ஷெட்' என்று பெயர் போட்ட கறுப்பு பனியனில் வந்திருந்தாள், அந்தப் பெரம்பூர் ராக் பேண்ட் கலைந்தபோது அவள் பிறந்தே இருக்கமாட்டாள். இன்னும் நாலைந்து பேர் சோபாவில், எல்லாரும் சமீபத்தில் சேர்ந்தவர்கள். எதிரே, சுவரோரம், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் பென்னட். பென்னட் இங்கே எப்படி வந்தான்? கடைவாய்ப் பல்லைப் பிடுங்க மதிவாணனிடம் போனானாம், பேச்சுவாக்கில் நானும் கூட்ஸ் ஷெட்டு ஆள்தான் டாக்டர் என்றானாம், இவரும் வாங்களேன் என்று கூப்பிட்டுவிட்டார், முன்கதை தெரியாமல். உள்ளே நுழைந்ததும் அவனைப் பார்த்துக் கனகசபைக்குக் கால் நின்றுவிட்டது. "எப்படிடா இருக்கே?" என்றார். "கீறேன்டா. பல்லுதான் போயிட்டுக்கீது. வூட்ல தனியா குந்திக்கினு இன்னா பண்றது, அதான் வந்தேன்" என்றான் பென்னட், அவ்வளவுதான், பத்துப் பதினைந்து வருஷத்துப் பகைக்கு அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் மதிவாணன் கையைத் தட்டி, இது மேடையிலிருந்து நேராக வந்த டேப்பை வைத்துப் போட்ட ரெகார்டு, இதில் பிறகு யாரும் கை வைக்கவில்லை, முதல் சைடில் கடைசிப் பாட்டு 'ஹோம் சிக்னல்', ரெடியா என்று கேட்டுவிட்டு முள்ளை இறக்கிவிட்டார். கடைசிப் பாட்டு. அதற்கு முன் மூன்று பாட்டு இருக்கிறது, அதுவரை பயப்படலாம்.

பயம் நேற்றே வந்துவிட்டது. சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கிற ரசிகர்களுக்கு இந்தப் புது ரெகார்டுப் பெட்டி முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டது, அதில் கனடாக்காரன் ஒருத்தன் குழுவில் எழுதியிருந்தான், ஹோம் சிக்னல் கேட்டேன், ஒன்றும் சொல்லமாட்டேன், நீங்களே கேளுங்கள் என்று, கூடவே வாயைப் பொத்திக்கொண்ட ஒரு பொம்மை. ஒன்றும் சொல்லமாட்டேன் என்று சொல்வதற்கு எதற்கு ஒரு செய்தி? ரசிகன் புத்தி. ரசிகர்களை ஏய்ப்பதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினால் இந்த பேண்டுக்காரர்கள் அதில் தலைமை ஆசிரியர்களாக இருக்கலாம். மொத்தமே மூன்று ரெகார்டுக்குப் பாட்டுப் போட்டவர்கள், அதை வைத்து முப்பது ரெகார்டு விற்றுவிட்டார்கள். முதலில் 'பெஸ்ட்' என்றார்கள், சரி. அப்புறம் 'வெரி பெஸ்ட்' என்றார்கள், அப்படியானால் முன்னால் வாங்கியது என்ன பெஸ்ட்? அப்புறம் வெள்ளிவிழாப் பதிப்பு, அதில் ஒத்திகையின்போது டிரம்மர் இருமியதை 'இதுவரை வெளிவராதது' என்று சேர்த்தார்கள், கனகசபை இருமலுக்காக அதையும் வாங்கினார். தூசு தட்டிய பதிப்பு, தூசு தட்டியதை மறுபடி தட்டிய பதிப்பு. ஒவ்வொன்றிலும் ஹோம் சிக்னல், ஹோம் சிக்னல் இல்லாமல் விற்காது. மனைவி கோமதி ஒருநாள் அலமாரியைத் துடைத்துக்கொண்டே, "ஒரே பாட்டை எத்தனை தடவைதாங்க வாங்குவீங்க? நம்ம வீட்ல உப்புகூட இத்தனை பாக்கெட் வாங்கினதில்ல" என்றாள். ஒரே பாட்டு இல்லை கோமதி, ஒவ்வொன்றும் வேறே, இதில் பேஸ் கிதார் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது பார் என்று போட்டுக் காட்டினார். அவள் பார்த்தாள். பேஸை அல்ல, அவரை. முதல் பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது, அந்தக் கைதட்டலில் எங்கோ தன் கையும் இருக்கிறது என்று நினைத்ததும் அவருக்கு உள்ளங்கை குறுகுறுத்தது, இதுவரை வந்த எந்தப் பதிப்பிலும் ஜனங்களின் சத்தம் இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை, யாரோ விசிலடிக்கிறான், யாரோ தண்ணி கேட்கிறான்.

அந்தக் கச்சேரி ராத்திரி பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் மைதானம், ஐப்பசித் தூறல், புல்லெல்லாம் சேறு, சேற்றில் ஒரு செருப்பு போய் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனார், அது நிஜம், அதில் சந்தேகமே இல்லை, அப்பா அடித்தார், அதுவும் நிஜம். பக்கத்தில் பென்னட், ரயில்பெட்டிகளைப் பார்க்கிற கேரேஜ் வொர்க்ஸில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த புதிது, எண்ணெய் வாசம் போகாத சட்டை. பிறகு அந்தக் கச்சேரிதான் ரெகார்டாக வந்தது, பின்னட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், அன்று நடந்ததில் எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை என்று. எத்தனை அழகான பொய்யையும் கொட்டை எழுத்தில் போட்டால் வேதவாக்காகிவிடுகிறது. அதில் ஹோம் சிக்னல் பாட்டின் நடுவில் லெஸ்லியின் கிதார் தனியாகப் புறப்படும், மெதுவாக, தயங்கித் தயங்கி, பிறகு மூன்று முறை ஏறும், மூன்றாவது ஏற்றத்தில் கேட்கிறவன் உடம்பில் ஏதோ ஒன்று பிடுங்கிக்கொண்டு வரும். இந்தத் தேசத்தில் மேடையில் வாசிக்கப்பட்ட ஆகச் சிறந்த கிதார் என்று ரசிகர்கள் அதற்காகச் சண்டை போட்டுக்கொள்வார்கள், சண்டை முற்றினால் கடைசியில் யாராவது சொல்வார்கள், கனகசபை சாரைக் கேளுங்கப்பா, அவர் நேரிலேயே கேட்டவர். நேரிலேயே கேட்டவர். பேங்கில் கடைசிவரை ஹெட் கேஷியராகவே இருந்து ஓய்வுபெற்றவருக்கு, மாமனார் வீட்டிலும் மரியாதை இல்லாதவருக்கு, உலகத்தில் இருந்த ஒரே பட்டம் அது. யாழினி மாதிரிப் பிள்ளைகள் கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு கேட்பார்கள், எப்படி இருந்துச்சு சார் அந்த மொமெண்ட்? அவர் சொல்வார், லெஸ்லி கண்ணை மூடிக்கொண்டான், தலையை வலப்பக்கமாகச் சாய்த்தான், மழை விளக்கு வெளிச்சத்தில் பொடிப்பொடியாக விழுந்தது, அப்புறம் ஆரம்பித்தான். சங்கம் ஆரம்பித்த புதிதில் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் பென்னட் குறுக்கே வந்தான். "இன்னாடா கனகு கத வுடுற? அன்னிக்கு அவன் எங்க வாசிச்சான்? ஆம்ப்ளிஃபயரு பூட்ச்சி. நாம இல்ல பாடுனோம்?" எல்லாரும் சிரித்தார்கள். கனகசபையும் சிரித்தார், பென்னட் குடித்திருக்கிறான் என்று நினைத்து. அவன் குடிக்கவில்லை. பிடித்த பிடியாக நின்றான். இரண்டு மூன்று கூட்டம் இதே ரகளை, இருவரும் நேரில் இருந்தவர்கள், யாரை நம்புவது என்று சங்கம் முழித்தது. ரெகார்டு இருக்கிறதே, ரெகார்டில் கிதார் இருக்கிறதே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கனகசபை மேஜையைத் தட்டினார். ரெகார்ட்ல இருந்தா நடந்துருச்சா என்றான் பென்னட். இரண்டாவது பாட்டு எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை, மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் லெஸ்லி வந்தான். அவனும் பெரம்பூர்க்காரர்களில் பாதிப் பேர் மாதிரி ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனவன், பழைய ஆட்கள் சேர்ந்து ஊர் ஊராக வாசிக்கிறார்கள் என்று ஒரு வருஷம் சென்னைக்கு வந்தான், ஹோட்டல் வரவேற்பறையில் கனகசபை காலையிலிருந்து காத்துக் கிடந்து அவனைப் பிடித்தார். தொப்பை போட்டு, மயிர் கொட்டி, ஆனாலும் அந்த விரல்கள். கை கொடுத்தபோது அந்த விரல்களைத்தான் பார்த்தார். கேட்டுவிட்டார், ஹோம் சிக்னல் கிதார், அன்று மேடையில் வாசித்ததுதானே என்று. அவன் ஒரு கணம், ஒரே ஒரு கணம், லிஃப்ட் பக்கம் பார்த்தான், பிறகு சிரித்தான். "என்ன மேன், நீ அங்கே இருந்தேதானே? உன் காதாலே கேட்டேதானே? அப்புறம் என்னைக் கேக்கறே?" என்று தோளில் தட்டினான். இப்போது யோசித்தால், ஆமாம் என்று அவன் சொல்லவே இல்லை. இவ்வளவு வருஷம் இது உறைக்கவில்லையே. நீ இருந்தாய், நீ கேட்டாய் என்றான், இவருடைய பொய்யை இவர் மடியிலேயே கட்டி அனுப்பிவிட்டான், கெட்டிக்காரப் பயல். இவர் அதைத் தூக்கிக்கொண்டு ஆகாயத்தில் பறந்து சங்கத்துக்கு வந்தார், லெஸ்லியே சொல்லிவிட்டான் என்றார், எல்லார் முன்னாலும் பென்னட்டைப் பார்த்து, புளுகுகிறவனுக்கு இங்கே இடமில்லை என்றார். பென்னட் எதிர்த்துப் பேசுவான் என்று எதிர்பார்த்தார். அவன் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான், படியில் இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பள்ளிக்கூடத்திலிருந்து சேர்ந்து திரிந்தவன். கோமதியைப் பெண் பார்க்கப் போனபோது கூடவே வந்தவன், கல்யாணமானதும் வாங்கிய முதல் அலமாரியைத் தோளில் சுமந்து மாடியேற்றியவன். ஒரு கிதாருக்காக அவனை அனுப்பினார், அனுப்பியது நியாயம் என்று இத்தனை வருஷம் நிம்மதியாகவும் இருந்தார், நிம்மதி என்றா சொல்வது அதை?

ஹோம் சிக்னல் ஆரம்பித்துவிட்டது. டிரம், ரயில் மெதுவாக ஊருக்குள் வருகிற தாளம், பேஸ், பாடகனின் கம்மிய குரல், எல்லாம் ரெகார்டில் உள்ளதேதான், ஒன்றும் மாறவில்லை, ஒன்றும் மாறாது, கனடாக்காரன் வேறு எதையோ சொல்லியிருப்பான். கனகசபை கண்ணை மூடிக்கொண்டார். வரப்போகிற கிதாரை முன்கூட்டியே மனசுக்குள் ஓடவிட்டுப் பார்த்தார், அந்த மைதானத்தில் நின்றபடி, அந்த ராத்திரி கேட்டபடி, முதல் ஏற்றம், இரண்டாவது, மூன்றாவது, மூன்றாவது ஏற்றத்தில் சத்தம் தண்ணீருக்குள் போனதுபோல ஒரு நொடி அமுங்கி மேலே வந்தது. அமுங்கியதா? ஏன் அமுங்குகிறது? மறுபடி ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் அதே இடத்தில் அமுங்கிற்று. அது கேசட். அவரிடம் இருந்த கேசட்டை மச்சினனின் டேப் ரெகார்டர் ஒருமுறை சவைத்துத் துப்பியது, பென்சிலை விட்டுச் சுற்றி, நீவிச் சரிசெய்தபிறகும் மூன்றாவது ஏற்றத்தில் ஒரு நொடி அமுங்கும். மைதானத்தில் எப்படி அமுங்கும்? திறந்தவெளியில் நாடா ஏது, கசங்குவதற்கு? சரி, காதை விடு, கண்ணால் பார்த்தேனே, லெஸ்லி கண்ணை மூடி, தலையை வலப்பக்கம் சாய்த்து. அது அட்டைப்படம். ரெகார்டின் முன்னட்டையில் இருக்கிற போட்டோ, அதே சாய்வு, அதே மழைப்பொடி, அவர் நின்ற இடமோ மேடைக்கு இடப்பக்கம், பந்தல் கால் பக்கம், அங்கிருந்து லெஸ்லியின் முகம் தெரிய வழியே இல்லை. அப்படியானால் அங்கிருந்து என்ன தெரிந்தது? என்னதான் தெரிந்தது? ஒரு முதுகு. வெளியே வந்த சட்டை. குனிந்து, ஆம்ப்ளிஃபயரின் பின்னால் கையை விட்டு எதையோ திருகுகிற முதுகு, யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டுகிற சத்தம். ஐயோ. அது எங்கே இருந்தது இத்தனை நாள்? அப்போதுதான் பாட்டு அந்த இடத்துக்கு வந்தது, கிதார் வரவேண்டிய இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. டிரம்மும் பேஸும் மட்டும் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. ஜனங்கள் ஊளையிட்டார்கள். யாழினி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள், சட்டம் இருப்பதால் கேட்கவில்லை. அப்புறம் கூட்டத்திலிருந்து, இடப்பக்கத்திலிருந்து, ஒரு குரல் உடைந்து எழும்பியது, கிதார் வாசிக்கவேண்டிய மெட்டை வாயாலேயே பாடிக்கொண்டு, தாரரா என்று, சுருதி துளிக்கூடச் சேரவில்லை. அது பென்னட்டின் குரல் என்று அடித்துச் சொல்ல அவருக்கு இனி வாயில்லை, அடித்துச் சொல்லித்தான் இந்தக் கதிக்கு வந்தது. ஆனால் தோளில் ஒரு கை விழுந்தது ஞாபகம் வந்தது, எண்ணெய் வாசம், பாடுடா கனகு என்று காதுக்குள் ஒரு கத்தல், அவர் பாடினார், ஆமாம், பாடினார், கூச்சசுபாவம் பிடித்து வகுப்பில் எழுந்து நின்று பதில்கூடச் சொல்லாத பயல் தொண்டை கிழியப் பாடினான், பின்னால் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், மைதானமே பாடிற்று, மூன்று முறை ஏறினார்கள், லெஸ்லி திருகுவதை விட்டுவிட்டு மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். இதோ டேப்பில் எல்லாம் இருக்கிறது, மைதானமே இருக்கிறது. இதை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, எங்கோ ஒரு குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வாசித்த கிதாரை அந்த இடத்தில் ஒட்டி, எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை என்று போட்டான்கள். என் தொண்டையை அறுத்து எடுத்துவிட்டு என்னிடமே விற்றான்கள் படுபாவிகள், நானும் காசு கொடுத்து வாங்கி, என் தலைக்குள் இருந்த நிஜத்தையும் அழித்து அதன்மேல் பதிந்துகொண்டேன். பொய்யை ஒருமுறை விற்றார்கள், இப்போது வயசான காலத்தில் உண்மையையும் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். கனகசபைக்குக் கண்ணில் நீர் முட்டியது, அழுகையா ஆத்திரமா என்று அவருக்கே புரியவில்லை. எதிரே பென்னட் ஸ்டூலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான், முகத்தில் ஒன்றும் இல்லை.

சொல்லிவிட வேண்டும். முள் எழுந்ததும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும், அன்று எல்லார் முன்னாலும்தானே விரட்டினேன். லெஸ்லி வாசிக்கவில்லை, பென்னட் சொன்னதுதான் நடந்தது, நான்தான் மடையன், என்று வாக்கியத்தைத் தயார் பண்ணி நாக்கில் வைத்துக்கொண்டார். பட்டம் போனால் போகட்டும். இவன் இத்தனை வருஷம் அந்த மைதானத்தை ஒற்றை ஆளாகக் காவல் காத்துக்கொண்டு இந்த நாளுக்காகத்தானே காத்திருந்திருப்பான், பல்வலி என்று சொல்லிக்கொண்டு இன்றைக்குப் பார்த்து வந்ததும் அதற்குத்தானே. சைடு முடிந்தது. மதிவாணன் எழுந்து முள்ளைத் தூக்கினார், ஃபேனைப் போட்டார், எல்லார் கண்ணும் கனகசபை மேல். "சார், என்ன சார் இது?" என்றாள் யாழினி, குரல் உடைந்துபோய். "கிதார் சோலோ எங்க சார்? நீங்க அங்க இருந்தீங்கல்ல?" மதிவாணன் அவசரமாக, "இல்லம்மா, வேற நாள் டேப் ஏதாவது கலந்திருக்கும். இவங்கள நம்ப முடியாது. சார் சொல்லட்டும்" என்றார். கனகசபை வாயைத் திறந்தார். ஒரே ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார், அந்த ஒரு மூச்சு நேரத்தில் பென்னட் முந்திக்கொண்டான். "வாசிச்சான்மா" என்றான், பக்கோடாத் தட்டைத் தன் பக்கம் இழுத்தபடி. "நானும் அங்கதான் இருந்தேன். கனகு சொல்றது கரீட்டு. சூப்பரா வாசிச்சான். டேப்புல இன்னாவோ கோளாறு, அதுக்குப் போயி மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு." அறையில் எல்லாரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். யாழினி சிரித்தே விட்டாள், பாத்தீங்களா, ரெண்டு பேர் நேர்ல கேட்டிருக்காங்க, இதை இப்பவே குழுவில் போடறேன் என்று போனை எடுத்தாள்.

இரக்கமா? இரக்கமென்றால் ஒரு பார்வையாவது பார்த்திருப்பான். பழிவாங்குகிறானா? அதற்கும் ஒரு பார்வை வேண்டுமே. பென்னட் வலிக்கிற பக்கம் படாமல் மறுபக்கம் வைத்துப் பக்கோடாவை மென்றுகொண்டிருந்தான், அவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை, எப்போதோ கைகழுவிவிட்டான், காவலும் காக்கவில்லை காத்திருக்கவும் இல்லை, வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக வந்திருக்கிறான், நாலு பேரோடு சிரித்துப் பேசிவிட்டுப் போக ஒரு பொய் செலவாகும் என்றால் அதைச் செலவழிக்க அவனுக்குத் தயக்கமில்லை. லெஸ்லி ஏமாற்றினான், அது தாங்கக்கூடியது, ஊரை ஏய்க்கிறவன் என்னையும் ஏய்த்தான். கேசட் ஏமாற்றியது, கண்ணும் காதும் ஏமாற்றின, சரி. ஆனால் நீயுமாடா? இப்போதுதானே அந்த மைதானத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன், நீ ஒருத்தன்தானே மிச்சம், நீயும் இல்லை என்றுவிட்டால் அங்கே நாம் பாடியது யாருக்கு நடந்தது? கனகசபைக்கு அடிவயிற்றிலிருந்து ஆற்றாமை பொங்கியது. பேசு, இப்போதே பேசு. மதிவாணன் ரெகார்டைத் திருப்பிப் போட்டாயிற்று, ஃபேனை நிறுத்தியாயிற்று, துணியால் தூசு துடைக்கிறார், இன்னும் நேரம் இருக்கிறது, பேசு. முள் இறங்கிவிட்டது. பென்னட் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து சைடு ஓடும்போது ஒருத்தர்கூடப் பேசியதில்லை, கனகசபை தன் அம்மா இறந்த செய்தி போனில் வந்தபோதுகூட சைடு முடியும்வரை உட்கார்ந்திருந்தவர். நாற்காலி கிறீச்சிட எழுந்து நின்றார். "அவன் வாசிக்கல" என்றார், குரல் தன்னுடையதாகவே இல்லை. "கிதாரே இல்ல அன்னைக்கு. பென்னட் அப்பவே சொன்னான், நான்தான் அவனைப் புளுகன்னு சொல்லி விரட்டினேன். பென்னட், நாமதானேடா பாடினோம்? சொல்லுடா." யாழினி போனைப் பிடித்தபடி விறைத்துப் போனாள். மதிவாணனின் கை முள்ளை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பென்னட் மெதுவாகக் கண்ணைத் திறந்து, வந்ததிலிருந்து முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தான், பார்த்துக்கொண்டே விரலை உதட்டின் மேல் வைத்தான்.